வெற்றிச்செல்வி சிஸ்டர் வாயை மூடிக்கொண்ட வாரம்

வெற்றிச்செல்வி சிஸ்டருக்குத் தொண்டை வைக்கும்போது கடவுள் அளவு பார்க்கவில்லை. கையில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார்.

அரியலூருக்கும் விக்கிரமங்கலத்துக்கும் நடுவே, சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் ரோட்டோரம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதில் பிரசவ அறை கடைக்கோடியில். அங்கே நின்று அவள் "முக்குடீ!" என்று ஒரு சத்தம் விட்டால், வாசலில் சளிக்கு மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் ஆம்பிளையும் ஒரு தரம் முக்கிவிட்டுத்தான் நகர்வார்.

அது பிறந்த இடத்துத் தொண்டை. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு. அப்பா இளையபெருமாளுக்குக் காது மந்தம். காட்டின் இந்த முனையில் நின்று அந்த முனையில் இருக்கும் அப்பாவைக் கஞ்சி குடிக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்தாள். நர்ஸிங் படிக்கத் திருச்சிக்குப் போனபோது விடுதியில் ஒருத்தியும் அவளிடம் ரகசியம் சொல்லவில்லை. சொன்னால் அவள் "அப்படியா!" என்பாள், மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். வாக்கப்பட்டது சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் சரத்குமாருக்கு. மெஷின் சத்தத்துக்காக ஆலையில் கொடுத்த காதடைப்பை அவர் வீட்டுக்கு வந்தும் கழற்றுவதில்லை என்று பிரசவ அறையைக் கழுவித் துடைக்கும் பாப்பாத்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது பொய். சாப்பிடும்போது கழற்றுவார்.

பிரசவத்துக்கு வரும் பெண்களை அவள் திட்டுவாள். "பத்து மாசம் சுமந்த, பத்து நிமிஷம் பல்லக் கடிக்க முடியாதா?" "கத்துற தெம்ப முக்குறதுல காட்டு!" "உங்க மாமியா வெளிய டீ குடிச்சிக்கிட்டு இருக்கு, நீ எதுக்கு அதக் கூப்புடுற?" என்று நிற்காமல் வரும். கூடவே இன்னொன்றும் செய்வாள். வலி கண்ட பெண்ணை விட்டு அந்தண்டை இந்தண்டை நகரமாட்டாள். டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும். வலியில் அந்தப் பெண்கள் பிடித்துப் பிடித்து, அவளுடைய வளையல் போட்ட கையில் எப்போதும் நகக்கீறல் இருக்கும். அதனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சிஸ்டர் திட்டுகிறதா, எல்லாம் சரியாகப் போகிறது. சிஸ்டர் திட்டவில்லையா, எங்கேயோ கோளாறு. முதல் பிரசவத்துக்குப் போகிறவளுக்கு, பிரசவம் பார்த்துத் திரும்பியவள் சொல்லி அனுப்பும் முதல் விஷயமே இதுதான்.

எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. செல்வம்மாள் என்று ஒருத்தி. முதல் குழந்தை இவளிடம்தான் பெற்றாள். இரண்டாவதுக்கு அவ்வளவு தூரம் பஸ் ஏறி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சிஸ்டர் கேட்டே விட்டாள்.

"ஏண்டி, என்கிட்ட வரல?"

செல்வம்மாள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "உங்க கையப் புடிச்சுக்கணும்னு ஆசைதான் சிஸ்டர். வாயத்தான் தாங்க முடியல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிஸ்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் அரியலூரில் ஒரு பயிற்சி வகுப்பு வந்தது. நோயாளியை மையமாக வைத்த பராமரிப்பு என்று தலைப்பு. பயிற்சி கொடுக்க வந்த ஜெயப்பிரகாஷ் சார் நல்ல மனிதர். பொறுமையாக, படம் எல்லாம் போட்டுப் பேசினார். கேட்டவர்கள் அவரவர் பாத்திரத்துக்குத் தக்கபடி பிடித்துக்கொண்டு வந்தார்கள். டாக்டர் அபிநயா மேடம் அதை மறைப்பு என்று புரிந்துகொண்டு, பிரசவ அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டினார். மருந்து கொடுக்கும் மதுரைவீரன் அதைச் சிரிப்பு என்று புரிந்துகொண்டு, பேதி மாத்திரை கொடுக்கும்போதும் பல்லைக் காட்டினார். வாங்கியவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். வகுப்புக்கே போகாத பாப்பாத்தி, இவர்கள் வந்து சொன்னதைக் கேட்டு அதை பினாயில் என்று புரிந்துகொண்டாள். அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம் கண்ணில் தண்ணீர்.

வெற்றிச்செல்வி சிஸ்டர் என்ன புரிந்துகொண்டாள்? வகுப்பில் ஒரு படம் போட்டார்கள். கட்டிலில் ஒரு பெண், பக்கத்தில் விரலை நீட்டிக்கொண்டு வாயைப் பிளந்த ஒரு நர்ஸ். அதைப் பார்த்ததும் நாலு பேர் திரும்பி இவளைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சார் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. செல்வம்மாள் முகம்தான் முன்னால் நின்றது. பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டிவிட்டாள். இனி வாயைத் திறப்பதில்லை.

நினைத்தபடியே செய்தாள். மறுநாள் காலையில் சர்க்கரை பார்க்க வந்த ராசாங்கத்திடம், "வாங்க ஐயா. உட்காருங்க" என்றாள். ராசாங்கம் உட்காரவில்லை. வழக்கமாக அவருக்குக் கிடைப்பது, "மறுபடியும் பலாப்பழம் தின்னீரா?" அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போய், "அம்மா, எனக்கு எவ்ளோ நாளுன்னு சொல்லிடுங்க. சிஸ்டரே மரியாதையா பேசுறாங்க" என்று கண் கலங்கினார்.

அந்த வாரத்தின் நடுவில், வெயில் ஏறுகிற நேரத்தில், ஜோதி வந்தாள்.

தலைப்பிள்ளை. அவள் புருஷன் அறிவரசன் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறவன். லோடோடு எங்கேயோ இருந்தான். மாமியார் இருசம்மாள் ஒரு கையில் துணி மூட்டையும் இன்னொரு கையில் மருமகளுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினாள். தாங்கள் குடியிருக்கும் தெருவில், இந்த ஆஸ்பத்திரியில் பெற்ற பெண்கள் அத்தனை பேரும் சொல்லி அனுப்பியதை ஜோதி மனப்பாடமாக வைத்திருந்தாள். திட்டுவார்கள், பயப்படாதே. திட்டினால் சந்தோஷப்படு.

"வாங்க மேடம். படுங்க" என்றாள் சிஸ்டர்.

ஜோதிக்கு வலியைவிட அது பெரிய குத்தாக இருந்தது.

சிஸ்டர் சோதித்துப் பார்த்தாள். எல்லாம் நன்றாகவே இருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவியை எடுத்தாள். அதன் சத்தமும் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று குறைத்துவைத்து, தன் காதருகே பிடித்துக் கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள். எழுதிக்கொண்டாள். ஜோதி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

வலி ஏறியது. ஜோதி கத்தினாள். சிஸ்டர் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். இன்னும் பெரிதாகக் கத்தினாள், வேண்டுமென்றே, ஒரு வசவாவது வருமா என்று. "பரவாயில்லைங்க" என்றாள் சிஸ்டர். உள்ளே அவளுக்கு வார்த்தைகள் தொண்டை வரை வந்து முட்டிக்கொண்டிருந்தன. ஆனால் இந்தப் பெண் இன்னொரு செல்வம்மாள் ஆகிவிடக்கூடாது.

ஜோதி அழ ஆரம்பித்தாள். அது வலிக்கு அழும் அழுகை இல்லை. புதுத் திரைச்சீலையை விலக்கி, "அத்த!" என்று கூப்பிட்டாள். இருசம்மாள் கதவிடுக்கில் தலை நீட்டினாள்.

"சிஸ்டர் திட்டவே இல்ல அத்த. 'மேடம்'ங்கறாங்க. புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு. எனக்குத் தெரிஞ்சிபோச்சு."

இருசம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு அந்தக் கை கீழே இறங்கி இடுப்பிலிருந்து போனை எடுத்தது. "அடேய் அறிவு, எங்கடா இருக்க? காரு ஒண்ணு புடிச்சி அனுப்பு. திருச்சிக்குப் போறோம். காசப் பத்தி இப்ப பேசாத, காரு வரணும்!"

பக்கத்திலேயே கல்யாண வீட்டுக்கு வந்த கார் ஒன்று கிடைத்துவிட்டது. மாலையும் பலூனுமாக ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜோதி கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டாள்.

 சிஸ்டர் சற்று முன்தான் சோதித்துப் பார்த்திருந்தாள். வழி ஏறக்குறைய முழுசாகத் திறந்துவிட்டது. இந்த நிலையில் காரில் ஏற்றினால், திருச்சி ரோட்டில் ஏதாவது புளியமரத்தடியில், கத்தரியும் இல்லாமல் கையுறையும் இல்லாமல், பலூனுக்கு நடுவே அந்தக் குழந்தை வந்து விழும். ரத்தம் போக ஆரம்பித்தால் நிறுத்த ஆள் இருக்காது. தாயும் போகும், பிள்ளையும் போகும்.

வாயைத் திறந்தால் அந்தப் படத்தில் இருந்த நர்ஸ். திறக்காவிட்டால் கார். இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஒருவரும் கற்றுக்கொடுத்ததில்லை. அல்லது கற்றுக்கொடுத்தபோது அவள் கேட்கவில்லை. அறை வாசலுக்குப் போன ஜோதிக்கு முன்னால் போய் நின்றாள். வந்தது ஒரே ஒரு கேள்விதான். அதுவும் கெஞ்சலாக வந்தது.

"உனக்கு என்னடி வேணும்? சொல்லு, செய்யிறேன். என்ன வேணும்?"

ஜோதி நின்றாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து, ஏன், கல்யாணம் ஆனதிலிருந்து, யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை போல.

"உண்மையச் சொல்லுங்க. புள்ள இருக்கா, இல்லையா?"

"இருக்குடி! குத்துக்கல்லாட்டம் இருக்கு!"

"அப்ப ஏன் காதுக்குள்ளயே வச்சிக்கிட்டு கேட்டீங்க?"

சிஸ்டருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கருவியை எடுத்து, சத்தத்தை முழுசாகத் திருகி, நின்றபடியே ஜோதியின் வயிற்றில் வைத்தாள். கரகரவென்று ஒரு இரைச்சல். பிறகு பிடித்துக்கொண்டது. டக்டக்டக்டக்கென்று, அவிழ்த்துவிட்ட ஆட்டுக்குட்டி கட்டாந்தரையில் ஓடுவதுபோல ஒரு ஓட்டம். அறை முழுக்க அந்தச் சத்தம். கதவுக்கு வெளியே இருசம்மாளின் போன் பேச்சு பாதியில் நின்றது. பினாயில் வாளியோடு பாப்பாத்தி அசையவில்லை. சிஸ்டர் அந்தச் சத்தத்தை வாழ்நாள் முழுக்கக் கேட்டவள். ஆனால் எப்போதும் எண்ணுவதற்காகக் கேட்டவள். பெற்றவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜோதியின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. "இதுவா? என்னா ஓட்டம் ஓடுது சிஸ்டர்!"

"அவசரம் அதுக்கு."

"அத்த! காரத் திருப்பி அனுப்பு!"

வெளியே இருசம்மாள் டிரைவரிடம், "போயிட்டு வாப்பா, பலூன் பறந்துடப்போவுது" என்று சொல்வது கேட்டது.

அடுத்த வலி வந்தது. ஜோதி கட்டிலுக்குப் போகவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். வலி இறங்கியதும் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் எவ்ளோ தூரம் சிஸ்டர்?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. வரப்ப வரும்."

"அப்புடிச் சொல்லாதீங்க. நான் பெரம்பலூர் ஜவுளிக்கடையில வேல பாத்தவ. தினம் அரியலூர்லேருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே போவேன். கூட்டத்துல வெளிய தெரியாது. எங்க இருக்கோம்னு தெரியலன்னா தலைய சுத்திக்கிட்டு வரும். கண்டக்டரு ஊரு பேரச் சொல்லிட்டாருன்னா போதும், எவ்ளோ நேரம்னாலும் நின்னுடுவேன். எந்த ஊருல இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

சிஸ்டர் யோசித்தாள். பெரம்பலூர் போகும் அந்த ரோட்டின் ஊர்கள் வரிசையாக அவளுக்கும் தெரியும்.

"அல்லிநகரம் எப்பவோ போயிடுச்சி. மேலமாத்தூரும் தாண்டிட்ட. இப்ப பேரளி."

"பேரளியா?" ஜோதி கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம். "அப்ப பாதிக்கு மேல வந்துட்டனா?"

"அதத்தான சொல்றேன். வா, வந்து படு."

"படுத்தா இடுப்பு ரெண்டாப் பொளக்குது. நிக்கிறேனே."

பிரசவம் என்றால் மேஜை. மேஜையில் மல்லாந்து படுக்கவேண்டும். சிஸ்டர் படித்ததும் பழகியதும் அதுதான். நின்றுகொண்டிருக்கிற பெண்ணிடமிருந்து பிள்ளையை எப்படி வாங்குவது? டாக்டர் அபிநயா மேடத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, துடிப்பைக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு. அவங்களுக்கு எது வசதியோ அப்படி இருக்கட்டும் சிஸ்டர். நான் இங்கயே நிக்கிறேன்" என்றார்.

"நான் எங்க மேடம் நிக்கிறது?"

"நீங்க உட்காருங்க."

பாப்பாத்தி வார்டிலிருந்து மெத்தை ஒன்றை இழுத்து வந்து தரையில் போட்டு, வெளுத்த விரிப்புகளை விரித்தாள். "நல்லவேள, தரைய மூணு தரம் கழுவி வச்சிருக்கேன்" என்றாள். சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, முட்டி கரகரக்க, கீழே உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷமாக அவள் மேலே நின்றே பார்த்திருக்கிறாள். விளக்கு மேலே, அவள் மேலே, பெண் கீழே. இப்போது நிமிர்ந்து பார்க்கவேண்டியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஜோதி நின்றாள். கடையில் துணிக்கட்டு தூக்கி உரமேறிய தோள், வியர்வையில் ஒட்டிய முடி, கம்பியைப் பிடித்த கைகள். வலி வரும்போது அவள் அதோடு சண்டை போடவில்லை. பஸ் வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டு போகிறவர்கள் உடம்பைக் கொடுப்பார்களே, அதுபோலக் கொடுத்தாள். எங்கே சாயவேண்டும், எப்போது குனியவேண்டும், எப்போது முழங்கால் மடக்கவேண்டும் என்று அந்த உடம்புக்கு யாரோ உள்ளேயிருந்து சொல்வதுபோல இருந்தது. "முக்கு" என்று சொல்ல சிஸ்டர் வாயெடுத்தாள். அதற்குள் ஜோதி முக்கிக்கொண்டிருந்தாள்.

"கவுல்பாளையம்" என்றாள் சிஸ்டர். தன் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக, அடியிலிருந்து வந்தது. அப்படி ஒரு குரல் தன் தொண்டையில் இருக்கிறது என்று அவளிடம் யார் சொன்னார்கள்? "தலமுடி தெரியுதுடி. கறுகறுன்னு. கைய வச்சிப் பாக்குறியா?"

ஜோதி ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துக் கீழே கொண்டுவந்தாள். விரல் நுனி பட்டது. வெடுக்கென்று எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு எடுக்கவேயில்லை.

"ஈரமா இருக்கு" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

மெதுவாக முழங்கால் போட்டு, ஜன்னலோரம் இருந்த கட்டிலின் காலைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வலியில் தலை வந்தது. நெற்றி, கண், மூக்கு, மோவாய். வந்து ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, யாரும் தொடாமலேயே, மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. வழி தெரிந்த ஆள் சந்தில் திரும்புவதுபோல. புத்தகத்தில் படித்ததுதான். ஒவ்வொரு பிள்ளையும் அப்படித்தான் திரும்பும். ஆனால் எப்போதும் சிஸ்டரின் கை அவசரப்பட்டு அங்கே போய்விடும். தானே திருப்புவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கையைக் கீழே ஏந்திக்கொண்டு சும்மா இருந்தாள். கண்ணை இமைக்கக்கூட மனசு வரவில்லை.

"சிஸ்டர், எங்க இருக்கேன்?" ஜோதி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையுது. பைய எடுத்துக்க."

தோள் வழுக்கியது. பின்னாலேயே மற்றதெல்லாம் ஒரே வெள்ளமாக வந்து சிஸ்டரின் கையில் விழுந்தது. சூடாக, வழுவழுப்பாக, கனமாக. பெண் குழந்தை. அது வாயைத் திறந்து ஒரு சத்தம் விட்டது. திரைச்சீலை ஆடியது. வெளியே இருசம்மாள், "அடியாத்தீ" என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இது உங்க தொண்டை சிஸ்டர்" என்றாள் பாப்பாத்தி.

குழந்தையை முன்பக்கமாக வாங்கிக்கொண்டு, ஜோதி மெத்தையில் சாய்ந்து, தன் நெஞ்சில் போட்டுக்கொண்டாள். அதன் தலைமுடியை முகர்ந்தாள். காதை எண்ணினாள், இரண்டு இருந்தது. பாப்பாத்தி இருவர் மேலும் துணியைப் போர்த்திவிட்டாள். டாக்டர் மேடம் குழந்தையையும் ரத்தப்போக்கையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

வழக்கமாக இந்நேரம் சிஸ்டரின் கையில் கத்தரி இருக்கும். இப்போதும் எடுத்தாள். தொப்புள்கொடியை விரலால் பிடித்தாள். அது நீலமும் வெள்ளையுமாக, முறுக்கிய கயிறு மாதிரி, இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. ஜோதியிடமிருந்து அந்தச் சின்ன உடம்புக்கு இன்னும் ஏதோ போய்க்கொண்டே இருந்தது. சிஸ்டர் கத்தரியைப் பிடித்தபடி ஜோதியைப் பார்த்தாள்.

"வெட்டலாமா?"

ஜோதி கையை நீட்டி, சிஸ்டரின் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலையும் கொடியில் வைத்தாள். துடிப்பு தெரிந்ததும் அவள் கண் பெரிதாகியது.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர். இன்னும் அடிக்குது."

சிஸ்டர் கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டாள். தரையிலேயே, காலை நீட்டி, ஜோதிக்குப் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்தாள். வெளியே ஒரு லாரி கல்லோடு போனது. இரண்டு பேரும் கொடியிலிருந்து விரலை எடுக்காமல், அது தானாக நிற்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.